கமகம் பழகிய காதுக்கு ஜாஸ் கிதார்

ஜாஸ் ஃப்யூஷன் கிதாரை எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம் என்று விசாரிப்பவருக்குப் பெரும்பாலும் ஒரே வரிசைதான் பதிலாகக் கிடைக்கிறது. முதலில் மைல்ஸ் டேவிஸின் ‘பிட்சஸ் ப்ரூ’, பிறகு மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவின் ‘தி இன்னர் மவுன்டிங் ஃப்ளேம்’, அதன்பின் ரிட்டர்ன் டு ஃபாரெவர், அல் டி மியோலா, ஜெஃப் பெக். அந்த இசை பிறந்த காலவரிசை அது. ப்ளூஸும் ராக்கும் கேட்டு வளர்ந்த ஓர் அமெரிக்கருக்கு அது பொருந்தும். அவர் காது ஏற்கெனவே பாதி வழி வந்திருக்கிறது. நம்மிடம் கேட்பவரோ திருவனந்தபுரத்தில், கோட்டைக்குள்ளோ கரமனையிலோ வளர்ந்தவர். சின்ன வயதில் சில ஆண்டுகள் வீணையோ வயலினோ கற்றவர். நவராத்திரி வந்தால் பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டிய மண்டபத்தில் கச்சேரி கேட்கப் போகிறவர். இளையராஜாவையும் ஜான்சனையும் ரேடியோவில் கேட்டு வளர்ந்தவர். இவர் கையில் ‘பிட்சஸ் ப்ரூ’வைக் கொடுத்தால் பத்தாவது நிமிடத்தில் அணைத்துவிடுவார். அவருடைய ரசனையை இதற்காகக் குறைசொல்ல முடியாது. பழுது சிபாரிசில் இருக்கிறது.

இந்தக் காதுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று பார்த்துவிட்டுத்தான் ஆல்பங்களைச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது நாளும் சுவாதித் திருநாளின் கிருதிகளே முதன்மை. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு ராகம் விதிக்கப்பட்டிருக்கிறது. முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி, நான்காம் நாள் தோடி, ஒன்பதாம் நாள் ஆரபி. கைதட்டல் கிடையாது. ஒரே ராகத்தில், ஒரே ஆதார சுருதியின் மேல், நெடுநேரம் நிலைத்திருக்கப் பழகிய காது அது. தனி ஆவர்த்தனத்தில் கோர்வை எங்கே வந்து விழும் என்பதை விரல்விட்டு எண்ணியும் பழகியிருக்கிறது. ஆகவே மெலடியும் தாளமும் அதற்கு அந்நியமல்ல. ஜாஸின் மூன்றாவது பெரிய அங்கமான ஹார்மனி, அதாவது மெலடிக்கு அடியில் கார்டுகள் மாறிக்கொண்டே போகும் அமைப்பு, அதுதான் புதிது. தெரிந்த இரண்டின் வழியாக உள்ளே போய், தெரியாததைக் கடைசியில் சந்திக்கும்படி ஆல்பங்களை அடுக்கலாம். அப்படி அடுக்கினால் வழக்கமான வரிசை ஏறக்குறைய தலைகீழாகிறது.

மேற்கின் கருவி ஒன்றை இந்த ஊர் எதிர்கொள்வது முதல் தடவையும் அல்ல. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு சுவாதித் திருநாளின் அவையில் இருந்தார். 1834இல் அவருக்குத் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றை மன்னர் பரிசளித்தார். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதரும் வடிவேலுவும் வயலினைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்த முன்னோடிகள். கருவியின் உடலை அவர்கள் மாற்றவில்லை. தந்திகளை ஸ-ப-ஸ-ப என்று சேர்த்தார்கள். உட்காரும் நிலை மாறியது. விரல்கள் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதை விட்டு வழுக்கிப் போகத் தொடங்கின. இன்று வயலின் இல்லாத கச்சேரியை நினைத்துப் பார்ப்பதே கடினம்.

வயலினுக்கு அது எளிதாக வாய்த்ததற்குக் காரணம் அதன் கழுத்தில் ஃப்ரெட் இல்லாததுதான். கிதாருக்கு ஃப்ரெட் உண்டு. உலோகக் கம்பிகள் பலகையில் பதிந்திருக்கின்றன; ஒவ்வொன்றும் ஒரு ஸ்வரத்தை ஒரே இடத்தில் நிறுத்திவிடுகிறது. வீணையிலும் 24 மெட்டுகள் உண்டே என்று கேட்கலாம். வீணையில் மெட்டுகள் மெழுகின் மேல் உயரமாக நிற்கின்றன. தந்தியைப் பக்கவாட்டில் ஆழமாக இழுக்க இடம் இருக்கிறது. ஒரே மெட்டில் மூன்று ஸ்வரங்களைக்கூட இழுத்தே எடுத்துவிடலாம். கிதாரில் தந்தி பலகையோடு ஒட்டிக் கிடக்கிறது, விறைப்பும் அதிகம். தோடியின் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்கும் ஸ்வரம் அல்ல, ஓர் அசைவு. அந்த அசைவைக் கிதாரில் எப்படிக் கொண்டுவருவது? கர்நாடகக் காதுக்கு உகந்த கிதார் ஆல்பங்களை நான் வகைப்படுத்துவது இந்தக் கேள்வியை வைத்துத்தான். ஒவ்வொரு பெரிய கலைஞரும் இதற்கு ஒரு தனி விடை கண்டிருக்கிறார்.

முதல் விடை மரவேலையில் இருக்கிறது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் 1942இல் பிறந்த ஜான் மெக்லாக்லின், 1970களின் தொடக்கத்தில் உலகிலேயே மிக உரத்த குழுக்களில் ஒன்றான மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவை நடத்திக்கொண்டிருந்தவர். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்கப் போனார். வயலின் கலைஞர் எல். சங்கர் அதே பல்கலைக்கழகத்தில் இசை ஆய்வு செய்துகொண்டிருந்தார். சங்கரின் தந்தை வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். 1958 கலவரத்துக்குப் பிறகு அந்தக் குடும்பம் சென்னைக்குத் திரும்பியது. இவர்களோடு தபலாவில் ஜாகிர் உசேன், கடத்தில் டி.எச். விக்கு விநாயக்ராம், மிருதங்கத்தில் ராம்நாடு ராகவன். இந்தக் கூட்டணிதான் சக்தி.

மெக்லாக்லினுக்காக கிப்ஸன் நிறுவனத்தைச் சேர்ந்த ஏப்ரகாம் வெக்டர் உருவாக்கிய அகூஸ்டிக் கிதாரில் இரண்டு மாற்றங்கள் இருந்தன. ஃப்ரெட்டுகளுக்கு நடுவே விரற்பலகையைக் குழிவாகச் செதுக்கியிருந்தார்கள். விரல் மரத்தைத் தொடாததால் தந்தியை வீணையில் போல இழுக்க முடிந்தது. முதன்மைத் தந்திகளுக்குக் கீழே குறுக்காக ஏழு சுருதித் தந்திகள் ஓடின. தம்பூராவைக் கிதாருக்குள்ளேயே வைத்ததுபோல.

‘சக்தி வித் ஜான் மெக்லாக்லின்’ 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் ஒரு கல்லூரியில் நடந்த கச்சேரியின் பதிவு, 1976இல் வெளிவந்தது. மூன்றே உருப்படிகள். நம் கேட்பவருக்கு நான் முதலில் கொடுப்பது இதுதான். முதல் உருப்படியான ‘ஜாய்’ சுமார் 18 நிமிடம். ஆரம்பத்திலேயே வயலினும் கிதாரும் ஒரே வேகத்தில், ஒரே வரியை ஒன்றாக வாசித்துக்கொண்டு பாய்கின்றன. கேட்பவர் கார்டைத் தேட வேண்டாம், ஏறக்குறைய இல்லை. பிற்பகுதியில் இருவரும் மாறிமாறி வாசித்து, முறைகள் குறுகிக்கொண்டே வந்து கடைசியில் ஒன்றாக முடியும் இடம் இருக்கிறது. தனி ஆவர்த்தனத்தில் குறைப்பு கேட்டவருக்கு அங்கே யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை. ‘லோட்டஸ் ஃபீட்’ ஐந்து நிமிடத்துக்கும் குறைவு, அமைதியான மெட்டு. மூன்றாவது உருப்படி அரை மணியை நெருங்குகிறது; முதல் தடவையில் அதை விட்டுவிடலாம்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். மெக்லாக்லினின் கமகம் வீணைக் கமகம் அல்ல. அவர் தந்தியை இழுக்கும்போது ப்ளூஸ் கிதாரின் பழக்கம் எட்டிப்பார்க்கிறது. சுரத்தின் அடியில் போய் ஆடுவதைவிட மேலே தாவி விழுவதில் அவருக்கு நாட்டம் அதிகம். சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியில் கே.எஸ். நாராயணசாமி போன்றவர்கள் கற்பித்த வீணை மரபைக் கேட்டுப் பழகியவர் இதை உடனே கண்டுகொள்வார். கண்டுகொள்ளட்டும். அந்த வித்தியாசத்தைக் கவனிக்கத் தொடங்கும் கணத்திலேயே அவர் ஜாஸ் கிதாரைக் கேட்கத் தொடங்கிவிட்டார்.

இரண்டாவது ஆல்பம் ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’. கொன்னக்கோலுடன் தொடங்கும் ‘லா டான்ஸ் டு பொனோர்’ இதில்தான் இருக்கிறது. உருப்படிகளின் கட்டுமானத்தில் மூன்றில் இதுவே சிறந்தது என்பேன். 1977இன் ‘நேச்சுரல் எலிமென்ட்ஸ்’ குறுகிய உருப்படிகளும் கொஞ்சம் கூடுதலான கார்டுகளும் கொண்டது. மூன்றையும் வரிசையாகக் கேட்டால், ஒரு மேற்கத்தியக் கலைஞர் முதலில் தன் ஹார்மனியை வாசலில் கழற்றிவைத்துவிட்டு உள்ளே வந்து, பிறகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே எடுத்துவருவது தெரியும்.

இருபது ஆண்டுகள் கழித்து, 1990களின் இறுதியில் ‘ரிமெம்பர் சக்தி’ என்று திரும்பி வந்தபோது சங்கரின் இடத்தில் மாண்டலின் ஸ்ரீநிவாஸ் இருந்தார். கடத்தின் இடத்தில் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவுடன் வந்தார். 2000இல் வந்த ‘தி பிலீவர்’ அந்தக் காலத்தின் சிறந்த பதிவு. ஃப்ரெட் உள்ள ஒரு சிறிய மேற்கத்தியக் கருவியில் கமகத்துக்குப் பூரண விடை கண்டவர் ஸ்ரீநிவாஸ். அவருக்கு அருகே மெக்லாக்லினின் கிதார் தன் ஊர்க் குரலிலேயே பேச ஆரம்பிக்கிறது. 2014இல் ஸ்ரீநிவாஸ் மறைந்தார். ஷங்கர் மகாதேவன், கணேஷ் ராஜகோபாலன் ஆகியோருடன் சக்தி 2023இல் வெளியிட்ட ‘திஸ் மொமென்ட்’ அடுத்த ஆண்டு கிராமி விருது பெற்றது. அதில் ‘ஸ்ரீநி’ஸ் ட்ரீம்’ என்று ஓர் உருப்படி அவர் நினைவுக்காக. 2024 டிசம்பரில் ஜாகிர் உசேனும் போய்விட்ட பிறகு அந்த ஆல்பத்தைக் கேட்பது வேறு அனுபவம்.

இரண்டாவது விடை மரத்தைத் தொடாமல் விரலில் கண்டது. ராணிப்பேட்டைக்காரரான பிரசன்னா சென்னை ஐஐடியில் பொறியியல் படித்தவர், திருவாரூர் பாலசுப்ரமணியம், ஏ. கன்யாகுமாரி ஆகியோரிடம் கர்நாடக இசை கற்றவர், பிறகு பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரிக்குப் போனவர். 1980களிலேயே மின்கிதாரில் கர்நாடக இசை வாசித்த சுகுமார் பிரசாத் போன்றவர்கள் அவருக்கு முன்பே இருந்தார்கள். பிரசன்னாவின் தனித்தன்மை, கடையில் வாங்கும் சாதாரண மின்கிதாரிலேயே, தந்தியை இழுத்தும் வழுக்கியும், ராகத்தைப் பிசிறில்லாமல் பாடவைப்பது. கமகத்துக்குள்ளிருந்து ஜாஸுக்குப் போனவர் அவர். மெக்லாக்லின் வந்த திசைக்கு நேர் எதிர்.

பிரசன்னாவின் ஆல்பங்களில் இரண்டைச் சொல்வேன். ‘எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்’ (2006), ஜிமி ஹென்ட்ரிக்ஸின் ‘எலெக்ட்ரிக் லேடிலேண்ட்’ என்ற தலைப்பைத் தழுவிப் பெயர்சூட்டப்பட்ட சமர்ப்பணம். மேற்கத்திய டிரம்ஸுக்குப் பதிலாகத் தென்னிந்தியத் தாளவாத்தியங்கள். அவற்றின் மேல் முறுக்கேறிய மின்கிதார். அதில் ஓர் உருப்படியின் தலைப்பில் திருவல்லிக்கேணியே வருகிறது. தெருவில் சுவாமி புறப்பாட்டின்போது தவில் கேட்ட காதுக்கு இதன் ஓசை புதிதாக இருக்கும், அதிர்வு புதிதாக இருக்காது. இன்னொன்று 2011இல் வந்த ‘தீர்த்தா’. பியானோவில் தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த விஜய் அய்யர், தபலாவில் நிதின் மிட்டா, கிதாரில் பிரசன்னா. பாஸ் கிதாரும் டிரம்ஸும் இல்லாத மூவர் குழு. கமகமும் கார்டும் ஒரே அறையில், ஒன்றையொன்று விழுங்காமல் இருக்க முடியும் என்று காட்டிய ஆல்பங்களில் எனக்கு மிகப் பிடித்தது. ஆனால் முதல் வாரத்தில் கேட்க வேண்டியதல்ல.

மூன்றாவது விடை கருவியில் பொருத்திய ஓர் உலோகக் கம்பி. மின்கிதாரின் பாலத்தோடு இணைந்த அந்தக் கைப்பிடியை அழுத்தினால் எல்லாத் தந்திகளும் ஒன்றாகத் தளரும், விட்டால் இறுகும். ராக் கலைஞர்கள் அதைச் சத்தத்துக்காகப் பயன்படுத்தியபோது ஜெஃப் பெக் அதைக் குரலாக மாற்றினார். நிதின் சாஹ்னி 1999இல் தன் ‘பியாண்ட் ஸ்கின்’ ஆல்பத்தில் ஸ்வாதி நாடேகரைப் பாடவைத்த ‘நாடியா’ என்ற இந்துஸ்தானிச் சாயல் பாட்டை, 2001இல் ‘யூ ஹேட் இட் கமிங்’ ஆல்பத்தில் பெக் கிதாரில் வாசித்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். ராகம் எதையும் முறையாகக் கற்காத ஓர் ஆங்கிலேயர் ஒரு பெண்குரலின் ஒவ்வொரு வளைவையும் எப்படித் தொடர்கிறார் என்பது தெரியும். பெக் 2023 ஜனவரியில் மறைந்தார். அந்த ஆல்பத்தின் மற்ற உருப்படிகள் எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. இந்த ஒரு உருப்படி போதும்.

ஸ்லைடு கிதாரின் கதை பெரிது. விஸ்வமோகன் பட், தேபாஷிஷ் பட்டாச்சார்யா ஆகியோர் மடியில் வைத்து வழுக்கி வாசித்து ஃப்ரெட்டையே தேவையற்றதாக்கினார்கள். ராய் கூடருடன் பட் வாசித்த ‘எ மீட்டிங் பை தி ரிவர்’ கிராமி பெற்றது. அழகான பதிவு, ஆனால் ஜாஸுக்குப் போகும் பாதை அதில் இல்லை.

தாளத்தின் வழியாக உள்ளே வருகிறவர்களுக்கு வேறு ஆல்பங்கள். மெம்ஃபிஸ் நகரின் ஷான் லேன் அசுர வேகக் கிதார் கலைஞர். 2003இல், 40 வயதில், இறந்துபோனார். ஸ்வீடனின் பாஸ் கிதார் கலைஞர் யோனஸ் ஹெல்போர்கும் அவரும் செல்வகணேஷுடன் சேர்ந்து செய்த ‘குட் பீப்பிள் இன் டைம்ஸ் ஆஃப் ஈவில்’ (2000), பிறகு விநாயக்ராமின் மற்ற பிள்ளைகளான உமாமகேஷும் உமாசங்கரும் சேர்ந்த ‘ஐகான்’. கஞ்சிராவும் கடமும் இங்கே பக்கவாத்தியம் இல்லை. ஷான் லேன் அவற்றின் கணக்குக்குள் ஓடுகிறார், சில இடங்களில் மூச்சுவாங்குகிறார். இந்த ஆல்பங்கள் இந்தியாவில் போதுமான அளவு பேசப்படவில்லை என்பது என் வருத்தம். திருவனந்தபுரத்தில் மிருதங்கம் கற்கும் ஒரு மாணவருக்கு ஜாஸ் கிதாரின் வாசலாக இதைவிடப் பொருத்தமானதை என்னால் சொல்ல முடியவில்லை.

இந்த இடத்தில் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவுக்குத் திரும்பலாம். 1973இன் ‘பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’ ஆல்பத்தின் முதல் உருப்படி 18 எண்ணிக்கையில் சுழல்கிறது. மேற்கத்திய விமர்சகர்களுக்கு அது அப்போது புதிராக இருந்தது. கொன்னக்கோல் சொல்லத் தெரிந்தவர் அதைப் பிரித்து எண்ணி, இரண்டாவது சுற்றில் சமத்தில் கைவைத்துவிடுவார். ஆனால் பில்லி கோபமின் டிரம்ஸ் எழுப்பும் ஓசைச்சுவர் அவரை மிரட்டும். அதனால்தான் இதை முதலில் கொடுக்கக் கூடாது என்கிறேன். கணக்கு பிடிபட்ட பிறகு சத்தம் பழகிவிடும். மெக்லாக்லினும் செல்வகணேஷும் 2007இல் ‘தி கேட்வே டு ரிதம்’ என்று கொன்னக்கோல் கற்பிக்கும் டிவிடி ஒன்றை வெளியிட்டார்கள். நம் தாளமொழி மேற்கத்தியக் கிதார் மாணவர்களின் பாடத்திட்டமாக மாறியதற்கு அது ஓர் அடையாளம்.

2008ஆம் ஆண்டைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். அந்த ஓர் ஆண்டில், தொலைவில் இருந்த பலர் ஒரே கேள்வியைத் தத்தம் வழியில் கேட்டார்கள். மெக்லாக்லின் முந்தைய ஆண்டு சென்னைக்கு வந்து ரஞ்சித் பாரோட், லூயிஸ் பேங்க்ஸ், நீலாத்ரி குமார், ஷஷாங்க் முதலானோருடன் ஒலிப்பதிவு செய்த ‘ஃப்ளோட்டிங் பாயின்ட்’ வெளியானது; சக்தியில் இருந்த கச்சேரிச் சாயல் போய், முழு ஜாஸ் ஃப்யூஷன் குழுவாகவே இந்தியக் கலைஞர்கள் வாசித்தார்கள். அமெரிக்காவில் ருத்ரேஷ் மகந்தப்பா, கத்ரி கோபால்நாத்தோடு ‘கின்ஸ்மென்’ ஆல்பத்தைச் செய்தார். இரண்டு சாக்ஸபோன்கள், கன்யாகுமாரியின் வயலின், அவற்றுக்கு அடியில் கார்டுகளைப் பரப்பும் ரெஸ் அப்பாஸியின் கிதார். கொச்சியின் மதர்ஜேன் ‘மக்தூப்’ வெளியிட்டது. திருவனந்தபுரத்தில் உருவான அவியல், மலையாள நாட்டுப்பாடல்களை ராக்கில் கொண்டுவந்த தன் முதல் ஆல்பத்தை வெளியிட்டது.

இவற்றில் கடைசி இரண்டும் ஜாஸ் அல்ல. அப்படியும் நம் கேட்பவரின் பட்டியலில் ‘மக்தூப்’ இருக்க வேண்டும். பைஜு தர்மஜனின் கிதாரில் ராகப் பிடிகள் ராக்கின் சத்தத்துக்குள் அப்படியே வருகின்றன; எவரும் எதையும் கடன்வாங்கியதாகத் தோன்றாது. கேரளத்தில் கிதார் கடலோரத் தேவாலயப் பாடற்குழுக்களிலும் சினிமா ஆர்கெஸ்ட்ராக்களிலும் பல தலைமுறைகளாக இருந்த கருவி. அதன் மேல் கர்நாடகப் பாடங்கள் வந்து படிந்தபோது இந்தக் குரல் பிறந்தது. திருவனந்தபுரத்தில் ஜான் ஆன்டனியின் கர்ணாட்ரிக்ஸ் குழு இதே திசையில் முயன்றது. கிதாரை விட்டு வெளியே போனால், யூனிவர்சிட்டி கல்லூரியில் படிக்கும்போதே ‘கன்ஃப்யூஷன்’ என்று ஒரு குழு தொடங்கிய பாலபாஸ்கரைச் சொல்லாமல் இருக்க முடியாது. தன் மாமா பி. சசிகுமாரிடம் முறையாக வயலின் கற்றவர், அந்த வயலினை மின்மேடைக்குக் கொண்டுபோனார். 2018 அக்டோபர் 2 அன்று, 40 வயதில், விபத்தில் பட்ட காயங்களால் இறந்தார். வடிவேலுவின் வயலின் வந்து சேர்ந்த ஊரில், அதே கருவி மறுபடி வெளியே கிளம்பியது அவர் கையில்.

இனி ஹார்மனி. இதுவரை சொன்ன ஆல்பங்களில் பெரும்பாலானவை ஓர் ஆதார ஸட்ஜத்தை விட்டு அதிகம் நகராதவை. ஜாஸின் உள்ளம் நகர்வதில் இருக்கிறது. இங்கே வந்ததும் கர்நாடகக் காது தடுமாறும். ‘எங்கே போகிறார், ஏன் அலைகிறார்’ என்று கேட்கும். நம் காதுக்குக் கார்டே தெரியாது என்று சொல்வது தவறு. சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி 1939இல் இசை அகாடமியாகத் தொடங்கப்பட்டபோது முதல் முதல்வராக இருந்தவர் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். மதுரை மணி ஐயர் பாடிப் புகழ்பெற்ற ‘இங்கிலீஷ் நோட்’ அவர் படைப்பு. அதன் தாவல்களில் கார்டின் சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கின்றன. ஒன்றாக ஒலிக்கவில்லை, அவ்வளவுதான். பிறகு இளையராஜா வந்தார். தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பித்த ‘ஹவ் டு நேம் இட்?’ 1986இல் வந்தது. அதற்கு முன்பே அவருடைய நூற்றுக்கணக்கான பாட்டுகளில் பாஸ் கிதார் ராகத்துக்கு அடியில் வேறொரு கதை சொல்லிக்கொண்டிருந்தது. நாம் அதைக் கேட்டிருக்கிறோம். பாடகரின் குரலுக்குப் பின்னால் இருந்ததால் கவனிக்கவில்லை.

கவனிக்க ஒரு கைப்பிடி நம் மரபிலேயே இருக்கிறது: கிரகபேதம். மோகனத்தின் சுரங்களை மாற்றாமல் ஸட்ஜத்தை மட்டும் ரிஷபத்துக்கு நகர்த்தினால் மத்தியமாவதி, காந்தாரத்துக்கு நகர்த்தினால் ஹிந்தோளம். சுரம் அதே இடத்தில் இருக்கிறது, அதன் பொருள் மாறுகிறது. ஜாஸில் ஒவ்வொரு கார்டு மாற்றமும் ஏறக்குறைய இப்படி ஒரு குட்டிக் கிரகபேதம். கிதார் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது பாஸ் கீழே இறங்கினால், காந்தாரமாக இருந்தது பஞ்சமமாகிவிடும். கச்சேரியில் அபூர்வமாக, அதுவும் ரசிகர்கள் நிமிர்ந்து உட்காரும்படி செய்யப்படும் ஒரு வித்தை, அங்கே சில நொடிக்கு ஒருமுறை நடக்கிறது. இது முழுமையான இசையியல் விளக்கம் ஆகாது. மாற்று ஸ்வரங்களும் நுழைந்துவிடும். ஆனால் காது பிடித்துக்கொள்ளப் போதும்.

இந்தக் கைப்பிடியோடு கேட்க வேண்டிய முதல் ஆல்பம் பாட் மெத்தினியின் ‘ப்ரைட் சைஸ் லைஃப்’. 1975 டிசம்பரில் ஜெர்மனியில் பதிவானது. சக்தியின் லாங் ஐலண்ட் கச்சேரி நடந்து ஐந்தே மாதம் கழித்து. மெத்தினிக்கு அப்போது 21 வயது. மூன்று பேர் மட்டும்: கிதார், பாப் மோசஸின் டிரம்ஸ், ஜாகோ பாஸ்டோரியஸின் பாஸ். ஜாகோவின் பாஸ் கிதாரில் ஃப்ரெட் கிடையாது. மேலே கிதார் ஃப்ரெட்டுகளுக்குள் நின்று வாசிக்க, கீழே பாஸ் வயலினைப் போல வழுக்கிப் பாடுகிறது. நம் காது தன்னையறியாமல் ஜாகோவின் பின்னால் போகும். போகட்டும், பாஸைப் பின்தொடர்கிறவருக்கு ஹார்மனி தானாகக் கேட்கத் தொடங்கும். மெத்தினியின் 1982 ஆல்பமான ‘ஆஃப்ராம்ப்’பில் ‘ஆர் யூ கோயிங் வித் மீ?’ என்ற உருப்படி இன்னும் எளிது. மெதுவாக, ஆலாபனை போல, தாழ்ந்த ஸ்தாயியிலிருந்து ஏறிக்கொண்டே போகும் ஒரே நீண்ட தனி வாசிப்பு.

இதன் மறுகோடியில் ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த். மெக்லாக்லினைப் போல இவரும் யார்க்‌ஷயர்க்காரர், பிராட்ஃபோர்டில் பிறந்தவர், 2017இல் மறைந்தார். சாக்ஸபோன் வாசிக்க விரும்பியவர் கையில் கிதார் வந்து சேர்ந்தது. அதனால் தந்தியை மீட்டும் ஓசையே கேட்காமல், மூச்சு விடுவதுபோல நீளும் வரிகளை உருவாக்கினார். 1985இன் ‘மெட்டல் ஃபட்டீக்’, 1989இன் ‘சீக்ரெட்ஸ்’ இரண்டும் போதும். மேற்கத்தியக் கேட்பவர்கள் பலர் அவர் இசையை எட்டாக்கனி என்பார்கள். நம்மவருக்கு வேறொரு வழி உண்டு. வழக்கமான மேற்கத்தியக் கோட்பாட்டை ஒதுக்கிவிட்டு, கிடைக்கும் சுரங்களை எத்தனை விதமாக வரிசைமாற்றி அளவுகோல்களாக்கலாம் என்று கணக்கிட்டு, அவற்றிலிருந்தே தன் கார்டுகளை எடுத்தவர் ஹோல்ட்ஸ்வொர்த். வேங்கடமகியின் 72 மேளங்களைத் தெரிந்தவருக்கு அந்தச் சிந்தனை அந்நியமாக இருக்காது. அவர் கார்டு ஒன்றைப் பிடிக்கும்போது, ஒரு மேளத்தின் நான்கு சுரங்களை ஒரே நேரத்தில் அழுத்துகிறார் என்று எடுத்துக்கொண்டு கேட்டுப் பார்க்கலாம். விவாதி மேளங்களின் உறுத்தலை ரசிக்கத் தெரிந்த காதுக்கு அந்தக் கார்டுகளின் உறுத்தலும் சீக்கிரமே பிடித்துப்போகும்.

இத்தனையும் கேட்ட பிறகுதான் மைல்ஸ் டேவிஸ். அதிலும் ‘பிட்சஸ் ப்ரூ’வுக்கு முன்னால் ‘இன் எ சைலண்ட் வே’. அது 1969 பிப்ரவரி 18 அன்று நியூயார்க்கில் ஒரே நாளில் பதிவானது; மெக்லாக்லின் அப்போதுதான் இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கியிருந்தார். தலைப்பு உருப்படி ஜோ ஜாவினுல் எழுதியது, கார்டுகள் நிறைந்தது. ஒலிப்பதிவு அறையில் டேவிஸ் அந்தக் கார்டுகளை எல்லாம் நீக்கச் சொன்னார். கிதார் வாசிக்கவே தெரியாதவரைப் போல வாசி என்று மெக்லாக்லினிடம் சொன்னதாக மெக்லாக்லினே பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். பயந்துபோன அந்த இளைஞர், கிதாரில் முதன்முதலாகக் கற்றுக்கொள்ளும் ஈ கார்டைத் தொட்டுவிட்டு அந்த மெட்டை ஒவ்வொரு சுரமாக மெல்ல எடுத்தார். அடியில் ஒரே சுருதி அசையாமல் நிற்கிறது. ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தின் முதல் நான்கு நிமிடங்கள் அது.